படிக்கிணற்றில் எனக்கு விடிந்தது

ஈரத் துணியின் பாசி வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர்ப் படிக்கிணற்றில், சித்திரை மாதத்து வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், என் அண்ணி கெம்பம்மா குடத்து வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தெடுத்தாள். துணியின் நடுக்குழியில் தேங்கி நின்ற கையளவு தண்ணீரில், கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளின. அதே நேரம் இரண்டு படி தள்ளி, பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அத்தை நரம்புச் சிலந்திப் புழு கிளம்பிய காலை எரிச்சல் தணியத் தண்ணீருக்குள் விட்டாள். புண்வாயிலிருந்து பால் கசிந்தாற்போல் ஒரு வெண்மை நூலாகப் பிரிந்து தண்ணீரில் கலந்தது. நான் துணியைப் பார்த்தேன், அத்தையின் காலைப் பார்த்தேன், அண்ணியின் புண்ணில்லாத பாதங்களைப் பார்த்தேன். மூன்றும் ஒரே நூலில் கோத்துக்கொண்டன.

இப்படிச் சட்டென்று ஒன்று புரிகிற நொடிக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பது எனக்கு அப்போதே பைத்தியமாக இருந்தது. ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முந்தைய வருடங்கள் அவை. நான் விடுதியில் தங்கிப் படித்த பெண்கள் பள்ளியின் வெள்ளைக்காரத் துரைசானி டீச்சர் ஒரு மழைநாள் முழுவதையும் இதற்கே செலவழித்திருந்தார். ஒன்று புரிந்துவிட்டால் அவர்கள் ‘பார்க்கிறேன்’ என்பார்களாம். ‘என்மேல் விடிந்தது’ என்பார்களாம். ‘அது என்னை அடித்தது’ என்பார்களாம். வெகுநேரம் கழித்து மண்டையில் ஏறினால் ‘காசு விழுந்தது’ என்பார்களாம். தானே முயன்று அறிந்ததற்கோ ‘கண்டு வெளியே எடுத்தேன்’ என்று மார்தட்டும் இன்னொரு வகை. நாமும் சளைத்தவர்களில்லை, மிளகாயைக் கடித்தவர்கள் மாதிரி ‘இப்பத்தான் உறைச்சுது’ என்கிறோமே என்று நான் எழுந்து சொன்னதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெருமையோடுதான் கோடை விடுமுறைக்குக் கடத்தூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினேன்.

வந்து பார்த்தால் வீடே முடங்கிக் கிடந்தது. வருடா வருடம் இரண்டொருவருக்கு வருகிற நரம்புச் சிலந்தி அந்த வருடம் தெரு முழுக்க வந்திருந்தது. அப்பாவுக்கு முழங்காலில், அண்ணனுக்குக் குதிகாலில், அம்மாவுக்குக் கணுக்காலில். தோலைக் கிழித்துக்கொண்டு நூல்போல் வெளிவரும் புழுவை ஒரு விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாளுக்கு ஒரு சுற்றாக இழுத்துக்கொண்டு, கோடை உழவு போனதே என்று படுத்திருந்தார்கள். அண்ணி ஒருத்திதான் நடமாடினாள். அவள் தளிப் பக்கத்துக் கன்னடக்காரி. போன சித்திரையில்தான் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். அவள் நடந்ததுதான் குற்றமாகிவிட்டது.

“ஊரெல்லாம் காலக் கட்டிக்கிட்டுக் கெடக்குது, இவ மட்டும் குதிர மாதிரி நடக்கறா” என்றாள் சின்னத்தாயி அத்தை. “பானைக்கு ‘வேடு’ கட்டி, தனியா ஊத்தி வெச்சுக் குடிக்கறவளுக்குத் தெரியாமயா இருக்கும், நம்ம தண்ணில என்னா போட்டு வெச்சிருக்குதுன்னு?”

வேடு என்றால் பானை வாயில் கட்டும் துணி. அண்ணி தன் பழைய புடவைக் கிழிசலை அப்படிக் கட்டித்தான் தண்ணீர் வடித்துக் குடிப்பாள். அதைச் செய்வினை என்றார்கள். வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டம் போட்டு அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது; அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கிணற்றடியில் எனக்கு விடிந்தது அந்த வெள்ளிக்கு முந்தின நாள். எங்கள் டீச்சர் ஒருமுறை குளத்துத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, “எவ்வளவு உயிர் பார்!” என்று காட்டியிருந்தார். அந்த உயிர்கள்தான் துணியில் துள்ளுகின்றன. புண்ணிலிருந்து கலக்கும் வெண்மை அவற்றுக்குள் போகிறது. வடிக்காமல் குடிப்பவர் வயிற்றுக்குள் அவை போய்ப் புழுவாகின்றன. வடித்துக் குடித்தவள் தப்பினாள். எதை வைத்து அவளைக் குற்றவாளி என்றார்களோ அதுவேதான் அவளுக்குச் சாட்சி! படிகளில் தாவி ஏறி வீட்டுக்குள் ஓடி, “நான் கண்டுபுடிச்சிட்டேன்! அண்ணி இல்ல, கெணத்துத் தண்ணிதான்!” என்று கத்தினேன்.

கன்னத்தில் விழுந்தது அறை.

“அம்மன் கரகத்துக்குத் தண்ணி மொண்ட கெணத்தச் சொல்லுது பாரு நாக்கு!” அம்மா அடித்த கையாலேயே தன் கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

“வெள்ளக்காரி சோத்தத் தின்னா வெள்ளக்காரி புத்திதான் வரும்” என்று, பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்து, வாசலிலிருந்தே சேர்த்துவிட்டாள் அத்தை.

நான் மறுபடி வாயெடுத்தபோது அண்ணி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணிமூட்டையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். “பேடா கண்ணு, வேணாம். நீ பேசப் பேச அவங்களுக்கு ரோசம் ஏறுது. நான் போறேன் வுடு. எங்கம்மா வூட்டுலயும் தண்ணி வடிச்சுத்தான் குடிக்கணும்.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். ‘நான் கண்டுபிடித்தேன்’ என்று நான் நிமிர்ந்து நின்றவுடனே அவர்கள் எல்லோரும் குனிய வேண்டியதாகிறது; பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் யார் குனிவார்கள்? டீச்சர் சொன்ன ‘என்மேல் விடிந்தது’ வகைப் பேச்சில் ஆள் எதுவும் செய்வதில்லை, சும்மா இருக்கிறவர்மேல் விடிகிறது. அவர்கள்மேல் விடிய வைக்க முடியாதா? என்னிடம் இருந்ததெல்லாம் ஓட்டப் பந்தயத்தில் பரிசாக வாங்கிய ஒரு கண்ணாடி டம்ளர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கிணற்றை ஒட்டிய புளியமரத்தடியில்தான் கூட்டம். ஊர்க்கவுண்டர் எனக்குப் பெரியப்பா முறை. அவருக்கும் காலில் சிலந்தி இருந்ததால், அவர் கிணற்றின் மேல்படியில் உட்கார்ந்து, விளிம்புவரை நிரப்பி வைத்த கல்தொட்டியில் காலை ஊறவிட்டபடியே பேசினார்; எங்கள் ஊரில் புண் வந்தவர்களுக்கு இதுதான் வழக்கம், தொட்டித் தண்ணீர் வழிந்து மறுபடி கிணற்றுக்கே போகும்.

“ஏம்மா கெம்பம்மா, என்னாத்துக்குத் தனிப்பானை?”

“எங்க ஊர்ல ஏரித் தண்ணிங்க மாமா, கலங்கலு. வேடு கட்டாம குடிச்சாப் பல்லுல மண்ணு நறநறங்கும். அதே பழக்கமுங்க. எல்லாருக்கும் வடிச்சுத் தரேன்னேன். கிழிஞ்ச சீலையில வடிச்சது வேணாம்னுட்டாங்க.”

“கேட்டீங்களா, சீலையாம்!” என்றாள் அத்தை. கூட்டம் முணுமுணுத்தது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். தீர்ப்பு சொல்வதற்கு முன் அவர் எப்போதும் செய்வது அது. அடுத்து அவர் கேட்பதும் ஊருக்கே தெரியும்.

“தண்ணி கொண்டாங்க.”

நான் காத்திருந்தது அதற்குத்தான். யாரும் அசைவதற்குள் இறங்கி ஓடி, டம்ளர் நிறைய மொண்டு அவர் கையில் கொடுத்தேன். “குடிக்கறதுக்கு முந்தி ஒருதரம் வெயில்ல புடிச்சுப் பாருங்க பெரியப்பா” என்றேன். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை.

பித்தளைச் செம்பிலேயே குடித்துப் பழகியவர் தண்ணீரை ஊடுருவிப் பார்த்ததேயில்லை. விளையாட்டாகத்தான் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது. புள்ளிகள் துள்ளின. புருவம் சுருங்கி, டம்ளரைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அந்தப் புள்ள பானையிலருந்து மொண்டா” என்றார். அண்ணியின் தண்ணீரைக் கொண்டுவந்தேன். வெயில் அதில் தடையில்லாமல் புகுந்து வெளியே வந்தது.

நான் அண்ணியைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான் தொட்டியைப் பார்த்தார். அவருடைய காலிலிருந்தே அந்த வெள்ளை நூல் பிரிந்து, தண்ணீரோடு வழிந்து, படிபடியாகக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே அவர் கண்ணும் இறங்கிப் போயிற்று. பெரியப்பா இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, காலைத் தொட்டியிலிருந்து தூக்கி, உலர்ந்த கல்லின்மேல் வைத்தார்.

“கால்ல கட்டு இருக்கறவங்க யாரும் இனி படியில எறங்கக் கூடாது. தொட்டிய ஒடைச்சுப் போடுங்க. எல்லா வூட்டுப் பானைக்கும் வேடு கட்டுங்க.”

“அப்ப இவ?” என்றாள் அத்தை.

“இவளா? நீ எறங்கக் கூடாதில்ல, இவதான் ஒனக்குத் தண்ணி மொண்டு குடுப்பா. போ!”

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த சித்திரையில் நாலைந்து பேருக்குத்தான் வந்தது. அதற்கடுத்த வருடம் ஒருவருக்கும் இல்லை. இன்று எங்கள் ஊரில் கல்தொட்டி இல்லை, படிகளை மறித்துச் சுவர் எழும்பி, தண்ணீர் இறைக்க உருளை வந்துவிட்டது, அசலூரிலிருந்து வரும், காலில் குச்சி சுற்றிய மனிதரைப் பார்த்தால் குழந்தைகள் என்னவென்று கேட்கிறார்கள். போனது எதற்கும் நான் வருந்தவில்லை. அண்ணி இரண்டு பிள்ளைகளை அதட்டிக்கொண்டு வீட்டை ஆள்கிறாள். “எங்க கவுண்டரு கண்டுபுடிச்சாரு” என்று ஊர் பெருமையாகச் சொல்லும்போது முன்பெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கும். சொல்லிவிட்டுப் போகட்டும், விடியலை யார் வீட்டுச் சொத்தென்று பட்டா எழுதுவது?

ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டு வந்திருக்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இன்னும் படிக்கிணறு இருக்கிறது. இந்தக் கோடையில் அங்கே வீட்டுக்கு வீடு நரம்புச் சிலந்தி, யாரோ ஒரு கிழவியின் கண் பட்டுத்தான் வந்தது என்கிறார்களாம். நாளைக் காலைப் பஸ்ஸில் போகிறேன். பையில் ஒரு முழம் வெள்ளைத் துணியும் அந்தப் பழைய டம்ளரும் வைத்துவிட்டேன். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்கவில்லை, பேசப் போவதில்லை.

வெயில் மட்டும் அடிக்க வேண்டும். சித்தேரி மலைப்பக்கம் சாயங்காலத்திலிருந்தே மேகம் கட்டிக்கொண்டிருக்கிறது.