மேனேஜர் போட்ட துண்டு

இன்று முழுக்க, எல்லா மெஷின்களும் மெமரியைப் பங்கு போட்டுக்கொள்ளும் எங்கள் ஆபீஸ் சர்வர் கிளஸ்டரில், பில்லிங் மெஷின் மெமரி கிடைக்காமல் திணறியது. திட்டெல்லாம் அதைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு.

தேடினால், மேனேஜர் தன் டெஸ்ட் மெஷினுக்குப் பாதி மெமரியை ரிசர்வ் செய்து வைத்திருக்கிறார். அதை யாரும் தொடுவதே இல்லை.

"இருக்கட்டும்மா, தேவைப்படும்" என்றார்.

கொதிப்போடு திருப்பதியில் நாகலாபுரம் பஸ் ஏறினேன். காலியாக இருந்த ஒரே சீட்டில் துண்டு.

பக்கத்து சீட்காரர், "வடமாலபேட்டைல ஆளு ஏறுவாரும்மா" என்றார்.

நின்றுகொண்டே வந்தேன். வடமாலபேட்டை தாண்டியும் யாரும் ஏறவில்லை. துண்டை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா இப்பிடி பண்ற?"

"உங்க ஆளு வந்தா எழுந்துக்கிறேன் நைனா."

நாளைக்கு மேனேஜர் துண்டையும் எடுக்கப்போகிறேன். உங்கள் கம்பெனியில் எனக்கு ஒரு துண்டு போட்டு வையுங்கள்.