இங்கே மெதுவாக

இரண்டு வாரமாக விடாத இருமல். மிளகைத் தட்டி, பனங்கற்கண்டோடு சுடுபாலில் கலந்து மனைவி நீட்டினாள். டம்ளரிலிருந்து வாசனை ஏறியதும் குடிக்கத் தோன்றவில்லை. இருபத்தேழு வயதில் சனிக்கிழமைதோறும் நானே கேட்டு வாங்கிக் குடித்த பால் இது. அப்போது இருமலுக்கு அல்ல, குரலுக்கு.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆறு நாளும் "ஏலே, அந்த ஃபைல எடு" என்பார்கள். ஏழாம் நாள் எங்கள் கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவன் நான். ஐந்து நிமிட வாசகத்துக்கு வெள்ளிக்கிழமையே தயிரை நிறுத்திவிடுவேன். கச்சேரி வித்துவான்கூட அவ்வளவு பத்தியம் இருந்திருக்க மாட்டார். எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று கோயில் புத்தகத்திலேயே பென்சிலால் குறித்துவைப்பேன். முடிவில் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றதும் சனம் மொத்தமும் "இறைவா உமக்கு நன்றி" என்று சொல்லும். அந்த நன்றியில் பாதியை நான் வழியிலேயே எடுத்துக்கொண்டேன். சொல்ல இப்போது கூச்சமில்லை, வயதாகிவிட்டது.

பூசை முடிந்ததும் வாசலில் செருப்புத் தேடுவேன். யாராவது வந்து "என்ன கொரலு தம்பி!" என்று சொல்லும்வரை அது கண்ணில் படாது.

திரேஸ்புரத்து செலின் அக்காவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவருடைய முப்பதாம் நாள் பூசைக்குக் கோயில் நிறையக் கூட்டம். அன்றுபோல் நான் என்றும் வாசித்ததில்லை என்று எனக்கே பட்டது. வழக்கம்போல் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அக்காவே வந்தாள்.

"தம்பி, அழுத அழுகையில எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. என்ன வாசிச்ச? அவியளுக்குன்னு அதுல ஏதாச்சும் இருந்துச்சா?"

வாயைத் திறந்தேன். எங்கே நிறுத்தினேன், எங்கே தாழ்த்தினேன் என்பதெல்லாம் நினைவிருந்தது. வாசித்த வார்த்தை ஒன்றுகூட நினைவில்லை.

"நல்ல வாசகந்தாங்க்கா."

"நல்லா வாசிச்சன்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். கடைசி நாளில் கடல் தனக்குள் இருக்கும் இறந்தவர்களைத் திருப்பித் தரும் என்று இருந்தது. அந்த வரியின் ஓரத்தில் என் பென்சில் எழுத்து: இங்கே மெதுவாக.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். வாசித்தவனுக்கே தெரியவில்லையாம் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்து இருந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் வாசித்தேன், பாராட்டும் வாங்கினேன். அதன்பிறகுதான் மனசு தாங்காமல் அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. "அவ பிள்ளையளோட தங்கச்சி ஊருக்கே போயிட்டாளே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியவில்லை.

பிறகும் சில வருஷம் வாசித்தேன். மனிதர் புகழ்ச்சி வேண்டாம், உம் பெயர் விளங்கினால் போதும் என்று ஜெபித்துவிட்டுத்தான் மைக் முன்னால் நிற்பேன். முடிந்ததும் பக்க வாசல் வழியாக வெளியேறிவிடுவேன். "என்ன தாழ்மையான பிள்ளை" என்று அதற்கும் பாராட்டினார்கள். அதைக் கேட்கவும் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. என்னோடு போராடி நானே சலித்துப்போய் ஒருநாள் வாசிப்பதையே விட்டுவிட்டேன்.

இப்போது வாசகம் திரையில் பெரிய எழுத்தில் ஓடுகிறது. வாசிப்பவர் யாரென்று ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. என் குரல் போய்விட்டது. அக்கா குடியிருந்த வரிசை வீடுகளை இடித்து ஐஸ் கம்பெனி கட்டிவிட்டார்கள். அவள் இருக்கிறாளோ இல்லையோ. 'கடல் திருப்பித் தரும்க்கா' என்று இந்தக் கரகரத்த தொண்டையாலும் சொல்லிவிட முடியும். கேட்டவள்தான் இல்லை.