வெடியில்லாத ஊர்வலம்

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கொப்பரைக் களத்தில் ரெத்தினம் இருபது வருடம் தேங்காய் உடைத்தார். உடைத்த தண்ணீர் வாய்க்காலில் கலந்து நாறும். அதை அவர் குடத்தில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தபோது களத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

மகள் எழில்மொழி நொதித்தல் படித்தவள். ஓசூரில் மருந்துக் கம்பெனி வேலை. அவள்தான் ஒரு பாட்டிலில் உறை கொண்டுவந்து கொடுத்தாள். தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, அந்த உறையை ஊற்றித் தட்டில் வைத்தால் பத்து நாளில் மேலே வெள்ளை ஆடை பிடிக்கும். பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ். விரல் தடிமன், தோல் போல உறுதி. கழுவி, கிருமி நீக்கி அழுத்தினால் தீக்காயத்தின் மேல் போடலாம்.

ரெத்தினம் முதல் ஆடையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சியா இதச் செஞ்சுது? கூலி என்ன?"

"சர்க்கரைதாம்பா."

"நம்மள விட ஏமாளியா இருக்கும் போல."

நிறையச் செய்ய ஆசைப்பட்டு ஒரு பெரிய டிரம் முழுக்க ஊற்றினார். காற்றுப் படும் மேல்பரப்பில் மட்டும் ஒரே ஆடை. அடியில் எல்லாம் புளித்த தண்ணீர். ஆழம் உதவாது, பரப்புதான் வேண்டும் என்று தெரிந்தது. கொட்டகை போட்டு, அடுக்கு அடித்து, தட்டுகளைப் பெருக்கினார்.

தட்டு அசையக் கூடாது. அசைந்தால் பாதி பிடித்த ஆடை அடியில் இறங்கிவிடும். மேலே புதிதாக இன்னொன்று பிடிக்கும். இரண்டும் ஒட்டாது. அதனால் தெருவில் சாவு விழுந்தால் ரெத்தினம் முதல் ஆளாகப் போய் நிற்பார். துக்கம் கேட்டுவிட்டு, மெதுவாக, "வெடிய மட்டும் பாலத்துக்கு அந்தாண்ட வச்சுக்குங்க" என்பார்.

"தட்டுல புள்ளயா தூங்குது?" என்பார் தம்பி சாமிதுரை. "இருண்ணே. ஒன் சாவுக்குக் கொட்டகை வாசல்லயே வைக்கிறேன்."

"வைடா. அப்ப நான் கேக்கவா போறேன்?"

கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று நானூறு தட்டு கேட்டது. எல்லாம் ஒரே கனமாக வந்தால் நிரந்தரமாக எடுப்பதாகச் சொன்னார்கள். ரெத்தினம் அவ்வளவையும் ஒரே நாளில் ஊற்றினார். ஆடை பாதி பிடித்திருந்தபோது, ஒரு காலையில், கொட்டகைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மனைவி அம்சம் டீயோடு போனபோது உயிர் இல்லை.

எழில்மொழி வந்து இறங்கியபோது சாமிதுரை இரண்டு சாக்கு வெடி வாங்கி வைத்திருந்தார். டிரம் செட்டும் வந்திருந்தது.

"சித்தப்பா, வெடி வேணாம். டிரம்மும் வேணாம்."

"என்ன பாப்பா சொல்ற? பொணத்த திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போறதா? ஊரு என்னயத்தான் காறித் துப்பும்."

"உள்ள நானூறு தட்டு இருக்கு."

"நீயெல்லாம் படிச்ச புள்ள. அப்பன விட அந்தத் தண்ணி பெருசா?"

அவரைக் கிடத்தியிருந்த பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்சம் நிமிராமல் பேசினாள்.

"ஒங்க அண்ணன் இருந்தா என்ன சொல்லியிருப்பாரு, தம்பி?"

சாமிதுரை டிரம் செட்டுக்காரர்களைத் தானே போய் அனுப்பிவைத்தார். பாடை கொட்டகையைத் தாண்டும்வரை தூக்கியவர்கள் தோள் குலுங்கவிடவில்லை. பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இப்படி ஒரு சாவை அந்தத் தெரு பார்த்ததில்லை.

நாள் வந்ததும் எழில்மொழியும் அம்சமும் தட்டுகளை இறக்கினார்கள். ஒவ்வொன்றும் ஒரே கனம். கடைசி அடுக்கின் அடித்தட்டில் மட்டும் ஆடை இரண்டாக இருந்தது. கீழே ஒன்று, மேலே மெல்லிசாக ஒன்று. அந்த அடுக்கின் காலில் மோதித்தான் அவர் விழுந்திருந்தார்.

எழில்மொழி இரண்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அதைக் கழிவு வாளியில் போட்டாள். அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

ஆடைகளை ஏற்றிக்கொண்டு கம்பெனி லாரி போன பிறகு சாமிதுரை சாக்குகளோடு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"இப்ப வைக்கலாமா, பாப்பா?"

"வைங்க சித்தப்பா."

முதல் வெடி கொட்டகையை உலுக்கியது. எழில்மொழி இத்தனை நாள் காத்த பழக்கத்தில் பதறித் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் காலியாக இருந்தன.