ராசாவுக்கு நல்லெண்ணெய்

என் கணவர் என்னை ஒரு நாளும் "ராசாத்தி" என்று கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் "இஞ்சேரும்" என்பதுதான் என் பெயர். அதே மனிதர், முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தபிறகு எஞ்சியிருக்கும் என் கால்துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "என்ரை ராசா, நோகுதோ?" என்று கொஞ்சினால் எவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அந்தப் பெயர் ஆஸ்பத்திரியில் வந்தது. சீனி வருத்தத்தால் பாதத்தில் வந்த புண் ஆறாமல், இங்கே பலெர்மோவில் காலை எடுத்தார்கள். எஞ்சிய காலை இத்தாலியர் "மொங்கோனே" என்பார்கள். டாக்டர் வந்தாலும் மொங்கோனே, தாதி வந்தாலும் மொங்கோனே. என் கணவர் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்பவர். வெங்காயம், கத்தி, கெதியாய் என்ற அளவில்தான் அவருடைய இத்தாலியம். அவர் என் காதுக்குள் கேட்டார்.

"கோனே எண்டு ராசாவையெல்லோ கூப்பிடுறது? இவையளுக்கு எங்கடை தமிழ் எப்பிடித் தெரியும்?"

கால் போனபின் நான் முதல்முதலாகச் சிரித்தது அதற்குத்தான். சிரித்ததில் தையல் நொந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மொங்கோனேக்குப் பெயர் ராசா.

ராசா வீட்டுக்கு வந்ததும் அவருடைய ஆட்சி தொடங்கிவிட்டது. பின்னேரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பு. வாசமில்லாத சோப். துவாயால் உரசக்கூடாது, ஒற்றவேண்டும். பிறகு கீழே ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து, எங்கேயாவது சிவந்திருக்கிறதா, தோல் வெடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடைசியாக இழுபடும் துணியால் எட்டுப் போட்டுச் சுற்றவேண்டும்; நுனியில் இறுக்கம், மேலே போகப்போக இளக்கம். அப்படிச் சுற்றினால்தான் வீக்கம் வற்றி, பொய்க்காலுக்குள் போகிற வடிவுக்கு வரும். கடையில் இறைச்சியை உருட்டி நூல் கட்டுகிற கை என்பதால் கணவருக்கு அது இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. என்னை "நீர்" என்பவர் ராசாவை "நீ" என்றுதான் கூப்பிடுவார். "நீ நல்ல பிள்ளையெல்லோ, வடிவாய் மெலிஞ்சிட்டாய்." நானும் மெலிந்துதான் போயிருந்தேன். யார் பார்த்தார்கள்?

இவ்வளவு நடக்கும்போதும் நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ராசாவை நான் தொட்டதேயில்லை. பன்னிரண்டு வருடமாக வயதான இத்தாலியச் சிஞ்ஞோராக்களைக் கழுவித் துடைத்த கை இது. அவர்களுடைய படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டபோது ஒரு தரமும் முகம் சுளித்ததில்லை. சொந்தக் காலைத் தொட அருவருத்தது. எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நடக்க ஆசை இருந்தது. அதற்குக் காரணமும் என் கணவர்தான். என்னை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோனபோது அவர் பெல்லெக்ரினோ மலைக் குகைக் கோயிலில் இருக்கும் சாந்தாவுக்கு, இந்த ஊரைக் காக்கும் கத்தோலிக்கப் புனிதைக்கு, நேர்த்தி வைத்துவிட்டார். நாங்கள் சைவக்காரர். சாந்தா அதையெல்லாம் பார்ப்பதில்லை. பலெர்மோத் தமிழர் எல்லோருக்கும் அவள் பொது. நேர்த்தி என்னவென்றால், செப்டெம்பர் திருநாளுக்கு நான் மலையடிவாரத்திலிருந்து நடந்து ஏறி வருவேன் என்பது.

"நேர்த்தி வைச்சது நீங்கள். நீங்களெல்லோ நடக்கோணும்?"

"நான் நடக்கிறதிலை சாந்தாவுக்கு என்ன புதினம்?" என்றார்.

பகிடியாகச் சொன்னதுதான். எனக்குள் அது பிடித்துக்கொண்டது. ஏறாவிட்டால் இனி இந்தச் சக்கரக் கதிரைதான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

பொய்க்கால் போட்டுப் பார்க்கிற நாள் ஒரு சனிக்கிழமையாக அமைந்தது. சனிக்கிழமை என்றால் எண்ணெய் முழுக்கு. என் கணவர் விடியவே எழும்பி, பல்லரோச் சந்தையில் எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிய நல்லெண்ணெயை ராசாவுக்கு வழிய வழியத் தேய்த்துவிட்டார். நல்ல காரியத்துக்குப் போகும்போது சும்மா போகலாமா?

கால் செய்பவர் மலைபோன்ற சிசிலியர். சிலிக்கன் உறையை மாட்டி, அதன்மேல் காலைப் பூட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் என்னை நிறுத்தினார். ஓரடி வைத்தேன். நான் வந்தேன், கால் வரவில்லை. உறையோடு வழுக்கிக்கொண்டு பின்னால் நின்றுவிட்டது. அவர் என்னைத் தாங்கிப் பிடித்து, உறையை எடுத்து மணந்து பார்த்தார்.

"சிஞ்ஞோரா, இது காலா, சலாட்டா?"

என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார். கிரீம் பூசுவதென்றால் இராத்திரியில், கால் போடும் நேரத்தில் தோல் காய்ந்திருக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு பிரசங்கம் நடந்தது. பிறகு கால் செய்பவர் என்னிடம், நுனியில் எங்கேயாவது கட்டியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் பதிலுக்குக் கணவரின் முகத்தைப் பார்த்தேன்.

கால் செய்பவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இது யாருடைய கால்? வியர்த்தாலும் இது சுருங்கும், நடந்தாலும் சுருங்கும். சுருங்கினால் பொய்க்கால் தளரும்; அதை இறுக்க எப்போது இன்னொரு காலுறை போடவேண்டும் என்று உங்கள் கைக்குத்தான் தெரியவேண்டும். ஒரு கிழமை நீங்களே கழுவி, நீங்களே கட்டிக்கொண்டு வாருங்கள். அதுவரை கால் என்னிடம் இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காலாலேயே அவரை உதைத்திருப்பேன். அதைத்தான் அவர் தரவில்லையே.

வீட்டுக்கு வந்ததும், "தள்ளுங்கோ, நான் கழுவுறன்" என்றேன். தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பிறகு தொட்டேன். சூடாக இருந்தது. இத்தனை நாளும் அது செத்த ஒன்று என்று நினைத்திருக்கிறேன். அது என் சூடு. குலுங்கிக் குலுங்கி அழுதேன். கணவர் குசினிக்குள் போய், சமையல் முடிந்த வீட்டில் வெங்காயம் வெட்டத் தொடங்கினார். தன் கண்ணீருக்கு ஒரு சாட்டு வேண்டுமே.

ஒரு கிழமை கழியப் பொய்க்கால் கைக்கு வந்தது; திருநாள் வரைக்கும் நாள்தோறும் நடந்து பழகினேன். திருநாளன்று வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்கினோம். மூன்றாவது வளைவில் பொய்க்கால் தளர்ந்து ஆடத் தொடங்கியது. கணவர் பதறிக் குனிந்தார்.

"நீங்கள் அங்காலை நில்லுங்கோ" என்றேன்.

வீதியோரக் கல்மதிலில் இருந்து, பாவாடையைச் சுருட்டி, போகிற வருகிற சனம் பார்க்கப் பார்க்கக் காலைக் கழற்றினேன். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். போடட்டும். உறைக்குள் வியர்வை. துடைத்து ஆறவிட்டேன். உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், சுருங்கித்தான் இருந்தது. உறையை மாட்டி, அதன்மேல் இன்னொரு காலுறையை இழுத்துவிட்டு, காலைப் பூட்டினேன். என்னையறியாமல் வாய் சொன்னது:

"என்ரை ராசா, இன்னும் கொஞ்சத் தூரம்தான்."

காலுறைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்ற என் கணவர் திரும்பினார்.

"என்னையோ கூப்பிட்டனீர்?"

அந்த முகத்தை இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. நானும்தான் அவரை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டேனா?

"ஓம், உங்களைத்தான். கையைத் தாங்கோ."

அவர் கையைப் பிடித்து எழும்பினேன். இந்த முறை காலும் கூடவே வந்தது.