பாதிவிலை அண்ணன் எடுத்த மோதிரம்

கடைக்குள் நுழையும் முன் பாதிவிலை அண்ணன் வாசலிலேயே நின்று கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்வார். வியர்வைக்காக அல்ல. "ஆசை மூஞ்சில தெரிஞ்சா அவன் விலைய ஏத்திடுவான்" என்பது அவர் சித்தாந்தம். துடைத்து முடித்ததும் அந்த முகத்தில், கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற அலுப்பு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அலுப்போடுதான் அவர் குடை, மெத்தை, மின்விசிறி, தன் மாமனாருக்குப் பல்செட் எல்லாம் வாங்கியிருக்கிறார்.

பாதிவிலை என்பது எங்கள் குடியிருப்பு அவருக்கு வைத்த பெயர். பேருந்துப் பணிமனைக்கு உதிரிபாகம் கொள்முதல் செய்கிற வேலை. பகலெல்லாம் பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் பேரம் பேசிவிட்டு, மாலையில் அக்கம்பக்கத்தாருக்காக இலவசமாகப் பேசுவார். முறை எப்போதும் ஒன்றுதான். பிடித்த பொருளைத் தொடவே மாட்டார். பக்கத்தில் கிடப்பதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். போகிற போக்கில் பிடித்ததைக் காட்டி, "இதெல்லாம் யாரு வாங்குவாங்க" என்று உதட்டைப் பிதுக்குவார். கடைக்காரர் நொந்துபோய் விலையை இறக்கியதும், "சரி, உங்களுக்காக எடுத்துக்கறேன்" என்று பெரிய மனது பண்ணுவார். கூடப் போனவர்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

என் தம்பிக்குப் பெண் அமைந்து, நிச்சயதார்த்த மோதிரம் வாங்க வேண்டி வந்தபோது, மறுபேச்சில்லாமல் அவரைத்தான் அழைத்தேன். "கையில எவ்ளோ இருக்கு?" என்பது முதல் கேள்வி. தம்பி ஒரு தொகை சொன்னான். "அதுலயும் கொஞ்சம் ஒதுக்கி வச்சிட்டு வா. கடைக்குள்ள போய் பட்ஜெட் போடறவன் உருப்பட்டதில்ல." அடுத்து, "பொண்ணு என்ன வேலை பாக்குது?" ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்றான். "அப்ப கல்லு தூக்கலா நிக்கிறது வேணாம். தினமும் கையுறை போடறப்ப மாட்டும், கிழிக்கும். ரெண்டு நாள்ல கழட்டி பீரோல வச்சிடுவாங்க. பீரோவுக்கா மோதிரம் போடறோம்?" சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்பதுபோல் தம்பி என்னைப் பார்த்தான்.

ஆனால் கடையில் நடந்தது வேறு. தம்பிக்குப் பார்த்த பெண் மோதிரத் தட்டின் முன் உட்கார்ந்ததும் அண்ணன் வாயைப் பூட்டிக்கொண்டார். எதையும் மட்டம் தட்டவில்லை. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவன் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "அவங்களே ஒண்ண எடுத்து, இது பிடிச்சிருக்குன்னு வாய்விட்டுச் சொல்ற வரைக்கும் நீ மூச்சு விடாத." அந்தப் பெண்ணும் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, கல் உள்ளே பதிந்திருந்த ஒரு மோதிரத்தில் வந்து நின்றாள். "எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். அதற்குப் பிறகே அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுச் செய்கூலியைப் பற்றிப் பேச்செடுத்தார். ஆசையை அம்பலப்படுத்திய பிறகு பேரத்துக்குப் பலம் ஏது? ஏதோ கொஞ்சம் குறைத்தார்கள். அண்ணன் அதற்கே தலையாட்டிவிட்டார். மோதிரம் சற்றுத் தளர்வாக இருந்ததால் அளவைச் சரிசெய்து அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் நான் விடவில்லை. "ஏண்ணே, இன்னிக்கு உங்க வித்தையைக் காட்டவே இல்லையே?"

"மோதிரத்துல மட்டும் காட்ட மாட்டேம்மா" என்றார். பிறகு அவராகவே தொடங்கினார். "எங்க நிச்சயத்துக்கு எடுக்கறப்ப உங்க அண்ணியையும் அவங்க அம்மாவோட கடைக்கு வரச் சொல்லியிருந்தோம். நாங்க ரெண்டு பேரும் அதுவரைக்கும் சரியா பேசினதுகூட இல்ல. தட்டுல பச்சைக்கல்லு வச்சது ஒண்ணு. அத எடுத்து விரல்ல மாட்டினா பாரு, அவ முகமே மலர்ந்துபோச்சு. கடைக்காரன் கவனிச்சிட்டான். நான் வழக்கம்போல, 'இதென்ன, பாசி பிடிச்ச மாதிரி, இதப் போயி யாரு போடுவா'ன்னேன். விலைய இறக்கத்தான் சொன்னேன். அவளுக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? எனக்குப் பிடிக்கலன்னு நெனச்சு சட்டுனு கழட்டி வச்சிட்டா. பக்கத்துல கல்லே இல்லாத ஒரு வளையம் இருந்துச்சு. அதக் காட்டி, 'இதுவே போதுங்க'ன்னா."

"நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே?"

அண்ணன் பேருந்து வரும் திசையைப் பார்த்தார். "சொல்லியிருக்கலாம். வளையம் ரொம்ப விலை கம்மிம்மா."

அதன் பிறகு அண்ணி எதையும் பிடித்திருக்கிறது என்று சொன்னதே இல்லையாம். துணியோ சினிமாவோ, வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வண்ணமோ, எதைக் கேட்டாலும் "உங்களுக்குப் பிடிச்சா சரி" என்ற ஒரே பதில்தான். கல்யாணமாகிச் சில வருடம் கழித்து, அன்று தான் சொன்னது வெறும் நடிப்பு என்று அண்ணன் உடைத்தே சொல்லிவிட்டார். அண்ணி சிரித்துவிட்டு, "அதுக்கென்ன இப்ப, விடுங்க" என்றாராம். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. என் வாய் பிழைச்சுது, அவ வாயடைச்சுப் போச்சு" என்றார் அண்ணன். எனக்குச் சங்கடமாக இருந்தது. எதுவும் கேட்காத மனுஷி என்று நானும் அண்ணியை மாடிப்படியில் வைத்துப் பல தடவை பாராட்டியிருக்கிறேன்.

அடுத்த வாரம் தம்பியின் மோதிரத்தை வாங்கி வரக் கிளம்பினேன். அண்ணன் அண்ணியோடு கீழே காத்திருந்தார். "நாங்களும் வரோம்மா. இவளுக்கு ஒண்ணு எடுக்கணும். இன்னிக்குப் பேரம் கிடையாது" என்றார். வழியெல்லாம் அண்ணி, "எதுக்கு இப்ப வீண் செலவு" என்று முணுமுணுத்தபடி வந்தார்.

கடைப்பெண் வண்ணக் கற்கள் பதித்த மோதிரங்களைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். "விலைய விடு. உனக்கு எது பிடிக்குதோ எடு" என்றார் அண்ணன். அண்ணி தட்டைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஒரு மோதிரத்தின் மேல் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அண்ணனுக்கு அது பிடித்ததோ பிடிக்கவில்லையோ, புருவம் லேசாக அசைந்தது. உடனே விரல் அடுத்ததற்கு நகர்ந்தது. அண்ணன் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அண்ணியின் கண்ணும் கூடவே போய்த் திரும்பியது.

"நீயே சொல்லேன்" என்றார் அண்ணன். கெஞ்சுகிற குரல் அது. எந்தக் கடையிலும் அவரிடம் நான் கேட்டிராத குரல்.

"உங்களுக்கு எது..." என்று அண்ணி தொடங்கினார்.

அண்ணன் எழுந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், நடைபாதையில் கடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கடைப்பெண் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். அண்ணி கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த அந்த முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.