கும்பிடக் கையை எடுத்தபோது

திருத்தணி மலையானைக் கும்பிடும் சொந்தங்களே, எது மேல், எது கீழ் என்று தெரியாமல் நான் தவித்த ஒரு காலையைச் சொல்கிறேன். இன்றுவரை எனக்கே அது பாதிதான் விளங்கியிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. சென்னையில் மருந்துக்கடை நடத்திக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் பிளையிங் கிளப்பில் சின்ன விமானம் ஓட்டக் கற்றேன். பிழைப்புக்கு இல்லை, ஆசைக்கு. லைசென்ஸ் கிடைத்தால் முருகன் மலையை ஆகாயத்திலேயே வலம் வருவதாக வேண்டிக்கொண்டேன். கிடைத்தது. ஆடிக் கிருத்திகையன்று அக்காவின் கணவரான பாவாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன். போகப்போக மேகம் தாழ்ந்தது. எவ்வளவு தாழ்ந்தால் திரும்புவது என்று எனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கவில்லை. சாமி காரியம், அவன் பார்த்துக்கொள்வான் என்றிருந்தேன்.

வலம் என்றால் சாமி வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். விமானம் ஓட்டுகிறவனுக்கோ இடப்பக்க இருக்கை. மலை பாவாவின் ஜன்னலில்தான் தெரியும், எனக்குச் சரியாகத் தெரியாது. அதற்காக இடமாகச் சுற்ற மனசு வருமா?

"பாவா, மலை தெரியுதுங்களா?"

"ஆங், கோபுரம் தெரியுது மச்சான். ஐயையோ, இன்னாடா இது, எல்லாம் வெள்ளையா போயிடுச்சு!"

மேகத்துக்குள் புகுந்துவிட்டோம். நேராகப் போகிறோம் என்றது உடம்பு. சாய்ந்திருக்கிறோம் என்றது எதிரே இருந்த கருவி. எதை நம்புவது? நிமிர்த்துவதாக நினைத்து, விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைப் பிடித்து இழுக்க இழுக்க விமானம் குலுங்கியது. மலை எந்தப் பக்கம்? அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்? அழுகை வந்துவிட்டது. "முருகா, எனக்கு ஒண்ணும் புரியலப்பா" என்று கத்தியபடி, ஸ்டிக்கை விட்டு இரண்டு கையையும் கூப்பிவிட்டேன்.

"கைய எடுக்காதடா!" என்று பாவா அலறினார்.

குலுக்கல் நின்றது. விமானம் தானாக நிமிர்ந்து மெல்ல இறங்கியது. மேகம் விலகிக் கீழே கரும்புக் கொல்லைகள் தெரிந்தன. மலை எங்களுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பி வந்து தரையிறங்கியதும், பயிற்சி கொடுத்த கேப்டனிடம் நடந்ததைச் சொன்னேன். "பிளேன் ரொம்ப சாயல. நீ இழுத்துகினு இருந்ததுதான் தப்பு. விட்ட, அதுவா நிமிந்துச்சு. இதுல சாமி எங்கய்யா வந்தாரு?" என்றார். சரிதான். ஆனால் அந்த நேரத்தில் என் கையை விடவைத்தது யார்?

அந்த வாரமே மலையேறிச் சன்னதியில் நின்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். மேகம் நன்றாக உயர்ந்து நிற்காத நாளில் பறப்பதில்லை. யார் கேட்டாலும் சரி, சாமி பேரைச் சொல்லிக் கேட்டாலும் சரி. அடுத்த ஆடியில் பாவாவே, "இந்த வாட்டி ஒழுங்கா சுத்திடலாமா மச்சான்?" என்றார். வானத்தைப் பார்த்தேன், மேகம் தாழ்வாக நின்றது. "வேணாம் பாவா, நடந்தே ஏறலாம்" என்றேன். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

அவன் பார்த்துக்கொள்வான் என்று நீங்களும் நம்புங்கள். ஆனால் எதுவரை போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அவன் காலடியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பயம் வந்தபின் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. இப்போது பயம் வருவதற்கு முன்பே என்னைத் திரும்பவைக்கிறான். அன்று காப்பாற்றியது யாரென்று குழம்பினாலும், இந்த உதவி அவன் செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.