கேட்டில் பிடுங்கிய பூண்டு

எங்கள் கேன்டீனை மூட வைத்தது தொழிலாளர்கள் அல்ல, மேனேஜர் சார். நீங்கள்தான்.

அரியலூர் பக்கம் அந்தச் சிமெண்ட் ஆலையில் நான் சமையல் செய்தேன். கல்லங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் முதல் வேலை பூண்டு உரிப்பது. நாளெல்லாம் தூசியை விழுங்குகிறவர்களுக்கு என் மிளகு பூண்டுக் குழம்புதான் தொண்டையைத் திறக்கும். சுட்ட கத்தரிக்காயில் பச்சைப் பூண்டையும் மிளகாயையும் நசுக்கிப் பிசையச் சொல்லிக்கொடுத்தவர்கள் பீகார்க்காரர்கள். லாரி ஓட்டும் லப்பைக்குடிக்காட்டு பாய் சவுதியில் இருந்தவர். அங்கே பூண்டை எண்ணெய் விட்டு வெண்ணெய் போல அரைத்து ரொட்டிக்குத் தருவார்களாம். அதையும் அரைத்துக் கொடுத்தேன். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. ஆனால் பூண்டு வதங்கினால் எல்லோரும் தட்டோடு வந்து நிற்பார்கள்.

நீங்கள் மாற்றலாகி வந்தீர்கள். உங்கள் மீட்டிங் ரூம் சமையலறைக்கு நேர் மேலே. என்னைக் கூப்பிட்டீர்கள்.

"நாத்தம் தாங்கல. இனிமே பூண்டு கூடாதும்மா."

"அப்ப சோத்து நேரத்துல மீட்டிங் வைக்காதீங்க சார்."

நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாளே பூண்டு மூட்டை வருவது நின்றது.

பூண்டில்லாமல் வைத்தேன். எனக்கே இறங்கவில்லை. பாய் என்னை அக்கா என்பதற்கு லாத்தா என்பார். ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, "என்ன லாத்தா, ஊருல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா, பத்தியச் சோறு போடுறீங்க?" என்றார். பீகார்க்காரர் ஒருவர் தட்டைத் தள்ளிவைத்து, "லசுன் இல்லே, சாப்பாடு இல்லே அக்கா" என்றார்.

பிறகு ஆளாளுக்குச் சட்டைப் பையில் இரண்டு பல் பூண்டு கொண்டுவந்து சோற்றோடு கடித்துக்கொண்டார்கள். அதையும் உங்கள் ஆட்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பீடிக்கும் தீப்பெட்டிக்கும் சோதனை போடும் கேட்டில் பூண்டுக்கும் சோதனை வந்தது.

"பூண்ட எடுப்பா" என்றார் செக்யூரிட்டி மாமா, தலையைக் குனிந்துகொண்டு.

"தோட்டாவப் புடுங்குற மாதிரி புடுங்குறீங்களே மாமா, வெடிச்சுடுமா?" என்றார் பாய்.

"ஆர்டருப்பா. எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்கள். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அதன்பின் கேன்டீனுக்கு ஆள் வருவது குறைந்தது. வடித்த சோறு பன்றிப் பண்ணைக்குப் போனது. ஒருநாள் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டியிருந்தது: தொழிலாளர்கள் விரும்பாததால் கேன்டீன் மூடப்படுகிறது. எங்களுக்கு வேலை இல்லை. யூனியன்காரரிடம் போனேன். "சாப்பாட்டு வெசயத்துக்கெல்லாம் ஸ்ட்ரைக் பண்ண முடியுமாக்கா?" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது பெரம்பலூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறேன். என்னை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. ஆலையில் பொட்டலச் சோறு தருகிறார்களாம். பாதியில் மடித்துக் குப்பையில் போடுகிறார்களாம். நான் எழுதுவதால் கேன்டீன் திறந்துவிடப் போவதில்லை, தெரியும்.

ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பது பொய். விரும்பாதது அவர்களா, நீங்களா? ரூமுக்குள் என்னிடம் சொல்ல வேண்டாம். ஷிப்ட் மாறும் நேரத்தில், எல்லோரும் கூடி நிற்கும்போது, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்.